ஆதரவில்லாத லெவல் எடிட்டரில் வட்டக்கோட்டையைக் கட்டலாமா?

தக்கலைப் பக்கத்தில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “‘அன்ரியல் டோர்னமென்ட்’ என்ற பழைய துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டோடு, ஆட்டக்களங்களை நாமே கட்டிக்கொள்ளும் லெவல் எடிட்டர் ஒன்றும் சேர்ந்து வந்திருக்கிறது. அதில் நம் மாவட்டத்துக் கடற்கரைக் கோட்டையான வட்டக்கோட்டையைக் கட்டத் தொடங்கினேன். வட்டமான கொத்தளத்தை வைத்த உடனே தரையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுகிறது. விளையாடுபவர் அதில் விழுந்து செத்துப்போகிறார். எடிட்டரும் அடிக்கடி தானாக மூடிக்கொள்கிறது. கூடவே வந்த குறிப்பிலோ இதற்கு ஆதரவு கிடையாது என்று எழுதியிருக்கிறது. இதில் நேரத்தைப் போடலாமா, இல்லை நவீன எஞ்சினுக்குப் போய்விடவா?”

தாராளமாகப் போடலாம், தம்பி. ஆனால் வட்டக்கோட்டையை மூன்றாவது வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு குகை, அடுத்து ஒரு நீளமான மண்டபம், அதன்பிறகு கோட்டை. இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

‘ஆதரவு கிடையாது’ என்ற வரியைப் பார்த்துப் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். இந்த எடிட்டர் வீட்டில் இருக்கும் நம்மை நினைத்து எழுதப்பட்டதல்ல. 1998இல் வந்த ‘அன்ரியல்’ விளையாட்டை உருவாக்கியபோது எபிக் நிறுவனத்தின் டிம் ஸ்வீனி, தங்கள் வடிவமைப்பாளர்கள் லெவல் கட்டுவதற்காக எழுதிய கருவி இது. அதையே பெட்டியில் போட்டு நமக்கும் கொடுத்தார்கள். முதல் பதிப்பின் முகப்பு விஷுவல் பேசிக்கில் எழுதப்பட்டது. அதற்கான துணைக்கோப்புகள் கணினியில் இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது. பிறகு முகப்பை சி++ மொழியில் புதிதாக எழுதினார்கள். இரண்டாம் பதிப்பு எனப்படுவது அதுதான். ஆதரவு இல்லை என்றால், சிக்கல் வந்தால் பதில் சொல்ல நிறுவனத்தில் ஆள் இல்லை என்று பொருள். கருவி அரைகுறையானது என்று பொருள் இல்லை. விளையாட்டில் நீங்கள் ஓடித் திரியும் ஒவ்வொரு மேப்பும், அதாவது ஆட்டக்களமும், இதே எடிட்டரில் கட்டப்பட்டதுதான்.

கையேடு இல்லையே என்ற கவலைக்கும் விடை அதிலேயே இருக்கிறது. மேப்ஸ் என்ற கோப்புறையில் உள்ள எந்த மேப்பையும் எடிட்டரில் திறக்கலாம். ஒவ்வொரு சுவரும், விளக்கும், கதவும் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது, அதன் பண்புகளில் என்ன எண் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் திறந்தே கிடக்கிறது. லிஃப்ட் செய்யத் தெரியவில்லையா? லிஃப்ட் உள்ள மேப்பைத் திறந்து, அந்தப் பொருளின் மேல் இருமுறை சொடுக்கிப் படியுங்கள். நாகர்கோவிலில் இதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, முதல் வாரம் எதையும் கட்டவிடுவதில்லை. விளையாட்டோடு வந்த ஒரு சிறிய மேப்பைப் பிரித்துப் பார்க்கத்தான் சொல்வேன். எந்தக் கையேட்டையும்விட இது மேலானது என்பது என் உறுதியான கருத்து. செய்தவர்களின் கைவேலையே உங்கள் முன் விரிந்திருக்கிறது.

எடிட்டர் தானாக மூடிக்கொள்ளும் சிக்கலை முதலில் முடித்துவிடுவோம். விளையாட்டை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் நிறுவியிருந்தால் எடுத்துவிட்டு டி டிரைவில் தனிக் கோப்புறையில் நிறுவுங்கள். இன்றைய விண்டோஸ் அந்தப் பழைய இடத்தில் எழுத எளிதில் அனுமதிப்பதில்லை. எடிட்டரோ தன் அமைப்புக் கோப்புகளையும் மேப்புகளையும் விளையாட்டின் கோப்புறைக்குள்ளேயே எழுதும் பழக்கம் உள்ளது. அடுத்து பேட்ச், அதாவது விளையாட்டின் பிழைகளைத் திருத்தும் பதிப்பு. எபிக் கடைசியாக விளையாடுபவர்களுக்கு வெளியிட்டது 436. அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின், எபிக்கின் ஒப்புதலோடு ஓல்ட்அன்ரியல் என்ற தன்னார்வலர் குழு 469 வரிசை பேட்சுகளை வெளியிட்டிருக்கிறது. புதிய கணினிகளில் விளையாட்டும் எடிட்டரும் நிலையாக ஓட அதுதான் வழி. அதன்பிறகும் மூடிக்கொண்டால் சிஸ்டம் கோப்புறையில் எடிட்டர் எழுதிவைக்கும் லாக் கோப்பைத் திறந்து கடைசி வரிகளைப் படியுங்கள். காணாமல் போன டெக்ஸ்சர் (பரப்புகளில் ஒட்டும் படம்) தொகுப்பின் பெயரோ, திணறிய கட்டளையின் பெயரோ பெரும்பாலும் அங்கே இருக்கும்.

இப்போது மூல விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி எடிட்டர் கைவந்த மாதிரிதான்.

‘குவேக்’ போன்ற விளையாட்டுகளின் எடிட்டரில் உலகம் வெற்றிடமாகத் தொடங்கும். நீங்கள் சுவர் எழுப்ப வேண்டும். இங்கே தலைகீழ். உலகம் முழுவதும் திடப்பொருளாகத் தொடங்குகிறது. நீங்கள் குடைந்து இடம் உண்டாக்க வேண்டும். திற்பரப்புக்குப் போகும்போது திருநந்திக்கரை குடைவரைக் கோயிலுக்கு ஒருமுறை போய் நின்று பாருங்கள். அங்கே தூணை யாரும் கொண்டுவந்து நிறுத்தவில்லை. சுற்றியிருந்த பாறையை வெட்டி எடுத்தார்கள், தூண் நின்றது. இந்த எடிட்டர் அந்தச் சிற்பிகளைப் போலத்தான் சிந்திக்கிறது. கட்டிட மேஸ்திரியைப் போல் சிந்திக்கிறவர்களைத்தான் அது படாதபாடு படுத்துகிறது.

ஆகவே முதல் பயிற்சி, அந்தக் குடைவரையின் எளிய வடிவம். சிவப்பு நிறத்தில் தெரியும் அச்சுப் பெட்டிக்கு 512 நீளம், 256 அகலம், 192 உயரம் என்று எடிட்டரின் அலகில் கொடுத்து ‘சப்ட்ராக்ட்’ செய்யுங்கள், அதாவது குடைந்தெடுங்கள். இது உள்மண்டபம். முன்பக்கம் 32 அலகு பாறையை விட்டுவிட்டு, அதே நீளத்துக்கு இன்னொரு பெட்டியைக் குடையுங்கள்; அது முற்றம். நடுவில் 32 அலகுப் பாறைச் சுவர் மிஞ்சியிருக்கிறது. அதில் 128 அலகு அகலத்தில் மூன்று திறப்புகளை, இடையில் 32 அலகு விட்டு வெட்டுங்கள். மூன்று திறப்புக்கு 384, இரண்டு இடைவெளிக்கு 64, இரு ஓரத்திலும் 32 வீதம் 64, மொத்தம் 512. கணக்கு சரியாகப் பொருந்துகிறது. தூண் என்று எதையும் வைக்காமலேயே இரண்டு முழுத் தூணும் இரண்டு அரைத்தூணும் கிடைத்துவிட்டன. பின்சுவரில் ஒரு சிறு கருவறையைக் குடையுங்கள். ஒரு விளக்கு, ஆட்டக்காரர் தோன்றும் இடமாக ஒரு ‘பிளேயர் ஸ்டார்ட்’. வெட்டுகளையெல்லாம் கணக்கிட்டு உலகைக் கட்டித்தரும் ரீபில்ட் பொத்தானை அழுத்தி உள்ளே நடந்து பாருங்கள்.

இந்த எண்களெல்லாம் ஏன் 32, 64, 128, 256 என்று வருகின்றன? இரண்டின் அடுக்குகள் அவை. எடிட்டரில் முனைகளைப் பிடித்துவைக்கும் கட்டக்கோடுகளான கிரிட்டும் அதே அடுக்கில் இயங்குகிறது, டெக்ஸ்சர் படங்களும் அதே அளவுகளில்தான் இருக்க முடியும். கிரிட்டை 16க்குக் கீழே இறக்காதீர்கள். தேவைப்பட்டால் அலங்கார வேலைக்கு மட்டும் 8. கிரிட்டை முழுவதும் அணைத்துவிட்டுக் கட்டிய மேப் எதுவும் கடைசிவரை உருப்பட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டாவது பயிற்சி உங்கள் ஊரிலேயே இருக்கிறது: பத்மநாபபுரம் அரண்மனையின் ஊட்டுப்புரை. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. வேறு ஒரு நாள் போய் நடந்து அளந்து வாருங்கள். அந்த இரட்டை மாடி உணவுக்கூடம் ஏறத்தாழ 72 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்டது. இந்த விளையாட்டில் ஓர் அடிக்கு 16 அலகு என்று வைத்துக்கொள்வது வழக்கம். 72 மீட்டர் என்பது சுமார் 236 அடி. 16ஆல் பெருக்கினால் 3776. அகலம் 29 அடிக்குச் சற்று மேல், அதாவது 472. அப்படியே போடாதீர்கள். 3840க்கு 512 என்று மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டும் 256இன் மடங்கு. தரையில் ஓடும் டெக்ஸ்சர் எங்கும் பாதியில் வெட்டுப்படாது.

இங்கே இரண்டு மாடி எடுப்பது எத்தனை சுலபம் என்பதைக் கவனியுங்கள். கீழ்க்கூடத்தைக் குடைந்தபின் 32 அலகுப் பாறையை விட்டு, மேல்கூடத்தைக் குடைந்தால் போதும். நடுவில் மிஞ்சியது தளம். படிக்கட்டுக்கு ஓர் ஓட்டை வெட்டி, எடிட்டரில் உள்ள படிக்கட்டு வார்ப்பால் படிகளைச் சேர்த்துவிடலாம். இந்த விளையாட்டில் குதிக்காமல் ஏறக்கூடிய படியின் உயரம் 25 அலகுதான். ஆகவே படிக்கு 16 வைத்தால் ஓட்டம் தடைபடாது.

அளவை அப்படியே நகலெடுப்பதில் ஒரு வரம்பு உண்டு. ஆட்டக்காரரின் உடல் 78 அலகு உயரம், 34 அலகு அகலம். அரண்மனையின் தாழ்ந்த வாசல்களையும் ஒடுங்கிய மரப்படிகளையும் உள்ளபடியே செய்தால் இரண்டு பேர் எதிரெதிரே வரும்போது சிக்கிக்கொள்வார்கள். குதித்தால் தலை இடிக்கும். வாசலுக்குக் குறைந்தது 96 அகலமும் 128 உயரமும் கொடுங்கள். தாழ்ந்த வாசலின் உணர்வு வேண்டுமென்றால் நிலைக்குமேல் தடித்த மர உத்தரத்தைக் காட்டி, உட்கூரையைக் கொஞ்சம் இறக்கி, வெளிச்சத்தைக் குறையுங்கள். இருட்டும் கூரையும் சேர்ந்தே அந்த உணர்வைக் கொடுத்துவிடும்.

இனி உங்கள் கோட்டைக்கு வருவோம். ஓட்டை விழுவதற்குக் காரணம் பிஎஸ்பி எனப்படும் முறை. ரீபில்ட் செய்யும்போது எடிட்டர் ஒவ்வொரு பரப்பின் தளத்தையும் நீட்டி, வெளியை இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டே போகிறது. சுவர்கள் நேராகவும் கிரிட்டின் மேலும் இருந்தால் இந்தப் பிரிவுகள் துல்லியமாகச் சேரும். நீங்கள் 32 பக்கம் கொண்ட உருளையைக் கொத்தளமாக வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அதில் பெரும்பாலான தளங்கள் சாய்வானவை. முனைகள் கிரிட்டில் உட்காராதவை. அவை தரையையும் மதிலையும் ஊசிபோன்ற சில்லுகளாக வெட்டுகின்றன. எண்களைச் சுருக்கி எழுதும்போது ஒரு சில்லு தவறினால் அந்த இடத்தில் ஓட்டை. சுவர் வரையப்படாத இடத்தில் முந்தைய காட்சியே இழுபட்டுத் தெரிவதும் இதே குடும்பத்து நோய்தான்.

மருந்து மூன்று. முதலாவது, பக்கங்களைக் குறையுங்கள். எட்டுப் பக்கம் இருந்தாலே தூரத்திலிருந்து வட்டமாகத் தெரியும். பதினாறுக்கு மேல் வேண்டாம். இரண்டாவது, ஒவ்வொரு முனையையும் கிரிட்டுக்கு இழுத்துவையுங்கள். அப்போது மேல்முனையையும் அதற்கு நேர்கீழுள்ள முனையையும் சேர்த்தே நகர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் நகர்த்தினால் அந்தப் பக்கம் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய பரப்பை விளையாட்டை ஓட்டும் மென்பொருளான இந்த எஞ்சினால் தாங்க முடியாது. மூன்றாவதுதான் முக்கியம்: கொத்தளத்தைச் சாதாரண ‘ஆட்’ முறையில் சேர்க்காமல் ‘செமி சாலிட்’ ஆகச் சேருங்கள். எடிட்டரில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். சாதாரணமாகச் சேர்த்தது நீலம். செமி சாலிட் பொருள் ஆட்டக்காரரைத் தடுக்கும், குண்டைத் தடுக்கும். ஆனால் சுற்றியுள்ள தரையையும் மதிலையும் வெட்டாது. தூண், கொத்தளம், உத்தரம், கைப்பிடிச்சுவர் எல்லாவற்றையும் இப்படியே வையுங்கள். சுசீந்திரத்துப் பிராகாரத்தைப் போல வரிசை வரிசையாகத் தூண் வைக்க விரும்புகிறவர்களுக்கும் இதுதான் விதி.

ரீபில்ட் சாளரத்தில் பாலிகளின் (பரப்புகள்) எண்ணிக்கையும் நோட்களின் (அவை வெட்டுப்பட்டு உண்டான துண்டுகள்) எண்ணிக்கையும் அவற்றின் விகிதமும் தெரியும். நோட்கள் பாலிகளைப் போல் இரண்டு மடங்கை ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம். ஒரு பொருளைச் சேர்த்ததும் விகிதம் துள்ளிக் குதித்தால் குற்றவாளி அந்தப் பொருள்தான். ஆகவே ஒவ்வொரு பெரிய துண்டுக்குப் பின்னும் ரீபில்ட் செய்து பாருங்கள். இருபது துண்டு சேர்த்துவிட்டு ஓட்டையைத் தேடினால் எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

வரிசையும் முக்கியம். எடிட்டர் உங்கள் வெட்டுகளையும் சேர்ப்புகளையும் நீங்கள் செய்த அதே வரிசையில் மீண்டும் செய்து பார்க்கிறது. மதிலைச் சேர்த்தபின் அதன்மேல் பெரிய பெட்டியைக் குடைந்தால் மதில் மறைந்துவிடும். அப்போது அழித்துக் கட்ட வேண்டாம். அந்தக் குடைவைத் தேர்ந்தெடுத்து வரிசையில் முதலாவதாக மாற்றினால் போதும்.

வட்டக்கோட்டை மதில் சுமார் 25 அடி உயரம். நம் கணக்கில் 400 அலகு. உலகத்தின் மொத்த அளவு ஒவ்வொரு திசையிலும் 65536 அலகு, அதாவது 4096 அடி. 133 அடி திருவள்ளுவர் சிலை 2128 அலகுதான் வரும். இடப்பஞ்சமே இல்லை. ஆனால் இந்த எஞ்சினில் நிலப்பரப்புக்கென்று தனி முறை இல்லை. மேடு பள்ளமான மணற்கரை, பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை என்று முழுவதையும் கட்டப் போனால் மறுபடி ஓட்டை விழும். இதற்கு வானப்பெட்டியைப் பயன்படுத்துங்கள். கோட்டையிலிருந்து தள்ளி, எங்கோ ஒரு மூலையில் சிறிய அறையொன்றைக் குடைந்து அதில் ‘ஸ்கை ஸோன் இன்ஃபோ’ வைத்தால், ‘ஃபேக் பேக்டிராப்’ என்று குறியிட்ட எல்லாச் சுவர்களிலும் அந்த அறையின் காட்சி வானமாகத் தெரியும். மருந்துவாழ் மலையின் உருவத்தைச் சின்னதாகச் செய்து அந்த அறைக்குள் வைத்துவிடுங்கள். விளையாடும்போது தூரத்து மலையாகவே நிற்கும்; யாரும் கிட்டே போக முடியாது.

கடலுக்குத் தட்டையான ஷீட் ஒன்றை நீர்மட்டத்தில் வைத்து, அதை ஸோன் போர்ட்டலாகவும் (இரண்டு மண்டலங்களைப் பிரிக்கும் எல்லை) ஒளிபுகுவதாகவும் குறியிட்டு, அதன் கீழே ‘வாட்டர் ஸோன்’ வைக்க வேண்டும். ஷீட்டின் ஓரம் நான்கு பக்கமும் சுவருக்குள் கொஞ்சம் நுழைந்திருக்கட்டும். ஓரத்தில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் மேலும் கீழும் ஒரே மண்டலமாகிவிடும். வானத்திலும் நீச்சலடிக்க நேரும். கோட்டைக்குள் இருக்கும் குளத்துக்கும் இதே முறைதான். செமி சாலிட் பொருளெதுவும் இந்த ஷீட்டைத் தொடக் கூடாது. ஆகவே கடலுக்குள் இறங்கும் மதிலைத் திடமான ‘ஆட்’ ஆகவே, கிரிட்டின் மேல் நேராக வையுங்கள். ஒரு மேப்பில் 64 மண்டலங்கள் வரைதான். கோட்டைக்கு ஐந்தாறு போதும்.

அந்திச் சூரியனுக்கு விளக்கின் நிற எண் 20 முதல் 28 வரை வையுங்கள், செம்மஞ்சள் வரும். சாச்சுரேஷன் என்ற எண் இங்கே தலைகீழ்: 255 என்றால் நிறமே இல்லாத வெள்ளை, 0 என்றால் முழு நிறம். பலர் இதில் மணிக்கணக்கில் குழம்புகிறார்கள். 100 அளவில் தொடங்கிப் பாருங்கள்.

கருங்கல்லுக்குக் கோட்டையிலேயே படமெடுங்கள். வெயில் சாயாத வேளையில், நிழல் விழாமல், நேர் எதிரே நின்று எடுக்க வேண்டும். 256க்கு 256 அளவில் வெட்டி, 256 நிறங்களாகக் குறைத்து, பிசிஎக்ஸ் கோப்பாகச் சேமித்து எடிட்டருக்குள் கொண்டுவாருங்கள். தொகுப்பின் பெயர் கேட்கும்போது ‘மைலெவல்’ என்று கொடுத்தால் படங்கள் மேப் கோப்புக்குள்ளேயே அடங்கிவிடும். நண்பருக்கு ஒரே கோப்பை அனுப்பினால் போதும். கொண்டுவந்த படத்தை ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிவிட்டுத்தான் சேமிக்க வேண்டும். எங்கும் பயன்படாத படத்தைச் சேமிக்கும்போது எடிட்டர் விட்டுவிடும்.

சேமிப்பது பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒரே கோப்பின்மேல் திரும்பத் திரும்பச் சேமிக்காதீர்கள். கோட்டை01, கோட்டை02 என்று எண்ணை ஏற்றிக்கொண்டே போங்கள். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. மழையோடு மின்சாரம் போவதும் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்தக் கோப்பு மறுபடி திறக்காது. இதோடு, நாள் முடிவில் மேப்பை டி3டி கோப்பாக ஏற்றுமதி செய்து வையுங்கள். அது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். ஒவ்வொரு பெட்டியின் முனைகளும் விளக்கின் எண்களும் வரிவரியாக இருக்கும். மேப் கோப்பு கெட்டுப்போனாலும், புதிய மேப்பைத் திறந்து டி3டியை உள்ளே இழுத்து ரீபில்ட் செய்தால் கோட்டை திரும்பக் கிடைத்துவிடும். காரணம் தெரியாத கோளாறுகள் சிலவும் இந்தச் சுற்றில் தீர்ந்துபோகின்றன.

நவீன எஞ்சினுக்குப் போய்விடவா என்ற உங்கள் எண்ணத்தையும் தவறென்று சொல்லமாட்டேன். அன்ரியல் எஞ்சின் இன்று மாணவர்களுக்கு இலவசமாகவே கிடைக்கிறது; பெட்டியைச் சேர்ப்பதும் குடைவதும் அதிலும் இருக்கின்றன. ஆனால் அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டும் பெரிய டிரைவும் வேண்டும். ஒரு மதிலை வைப்பதற்குமுன் கற்க வேண்டியது மலையளவு. இந்தப் பழைய எடிட்டரோ கல்லூரி ஆய்வகத்தின் சாதாரணக் கணினியில் ஓடும். ஒருவரே வடிவம், வெளிச்சம், நீர், கதவு எல்லாம் செய்து ஒரு மேப்பை முடித்துவிட முடியும். ஒன்றை முழுதாக முடித்த அனுபவத்தோடு புதிய எஞ்சினுக்குப் போகிறவர் வேகமாகக் கற்றுக்கொள்வதை என் மாணவர்களிடம் கண்டிருக்கிறேன். ஆகவே முதலில் இதை முடியுங்கள் என்பேன்.

கோட்டை நின்றபின் மிச்சம் இருப்பவை சிறு வேலைகள். கொத்தளம், குளக்கரை, மதில்மேல் நடைபாதை என்று ஒன்றையொன்று பார்க்காத இடங்களாகத் தேர்ந்து, குறைந்தது எட்டு ‘பிளேயர் ஸ்டார்ட்’ வையுங்கள். கணினியே ஆட்டுவிக்கும் எதிராளிகளான பாட்கள் ஓட வேண்டுமென்றால் வழியெங்கும் ‘பாத் நோட்’ என்ற வழிக்குறிகளைத் தூவி, ரீபில்ட் சாளரத்தில் பாத் வரையறையையும் ஓட்டுங்கள். அது இல்லாவிட்டால் பாட்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். கோப்பின் பெயர் ‘டிஎம்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் ஒரு சிறு கோடும் கொண்டு தொடங்க வேண்டும். அப்போதுதான் விளையாட்டின் டெத்மேட்ச் பட்டியலில் அது தெரியும். மேப்ஸ் கோப்புறையில் போட்டுவிட்டு, ஆய்வகத்தின் எல்லாக் கணினிகளிலும் அதே கோப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கணினியில் 07ஆம் கோப்பும் இன்னொன்றில் 08ஆம் கோப்பும் ஒரே பெயரில் இருந்தால் இணையும்போது பதிப்பு பொருந்தவில்லை என்று வெளியே தள்ளிவிடும்.